அறை விட்டு அறை றிமோட்: வன்னி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ரிவி, றேடியோ திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். பரந்தன், தருமபுரம், புதுக்குடியிருப்பு, மாங்குளம் என்று வீடுகளுக்குப் போய் வயர் இழுத்துக் கொடுப்பதும் உண்டு. உடைந்த சாமானைவிட உடையாத சாமானைப் பற்றித்தான் இப்போது கேள்விகள் அதிகம். “ரிவி ஹோலிலை, நான் குசினியிலை. இங்கயிருந்து எப்பிடிச் சத்தத்தைக் குறைக்கிறது?” என்று கேட்காத வீடு குறைவு. ஒவ்வொரு விறாந்தையிலும் நின்று ஒரே பதிலைச் சொல்லி வாய் நோகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்றால் றிமோட் ஏன் வேலை செய்வதில்லை?

பெரும்பாலான றிமோட் அனுப்புவது வெறும் வெளிச்சம். அகச்சிவப்பு வெளிச்சம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். முனையில் இருக்கும் சின்ன எல்இடி, பொத்தானை அமர்த்தும்போது செக்கனுக்கு ஏறக்குறைய 38,000 தடவை என்ற வேகத்தில் மின்னும். ரிவியின் முன்பக்கத்தில் கறுப்புப் பிளாஸ்ரிக்குக்குப் பின்னால் இருக்கிற ‘கண்’ அந்த வேகத்துக்கு மட்டும் காது கொடுக்கும். ரோச் லைட்டை அடித்தால் 6 அங்குலச் சீமெந்துக் கல்லுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுமா? தெரியாது. இதுவும் அப்படித்தான்.

ஆனால் வெளிச்சம் என்பதால் ஒரு நன்மையும் இருக்கிறது. பட்டுத் தெறிக்கும். கதவு திறந்திருந்தால், எதிர்ச் சுவர் வெள்ளை பூசியதாக இருந்தால், பற்றறி புதிதாக இருந்தால், ரிவியைப் பார்க்காமலே சுவரைப் பார்த்து அமர்த்தினாலும் வேலை செய்யும். வட்டக்கச்சியில் ஒரு வீட்டில் அறைக் கட்டிலில் படுத்திருந்த ஒரு அம்மா, அலுமாரிக் கண்ணாடியை நோக்கி றிமோட்டைப் பிடித்தார். ஹோலில் ரிவி ஓய்ந்தது. அலுமாரிக் கதவு அரைவாசி திறந்து ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிற்க வேண்டும்; அந்த இடத்தில் நிலத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். என்னிடம் கேட்டது அதற்கு மாற்று வழி. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு எனக்கு மாற்று வழி சொல்ல மனம் வரவில்லை.

றிமோட்டில் பிழையா, ரிவியில் பிழையா என்று எப்படிப் பார்ப்பது?

போனின் கமராவைத் திறந்து, றிமோட்டின் முனையை அதற்குக் காட்டிப் பொத்தானை அமர்த்துங்கள். ஊதா கலந்த வெள்ளை நிறத்தில் எல்இடி மினுக்குவது திரையில் தெரிந்தால் றிமோட் உயிரோடு இருக்கிறது. சில போன்களின் பின் கமரா இந்த வெளிச்சத்தை வடிகட்டிவிடும். முன் கமராவில் பாருங்கள். கடைக்குக் கொண்டுவரும் றிமோட்டுகளில் நல்ல பங்குக்கு வருத்தம் எதுவும் இல்லை, பற்றறிதான் செத்திருக்கும். இன்னொரு பங்கில் பற்றறி கசிந்து ஸ்பிரிங்கில் பச்சை பிடித்திருக்கும். கொஞ்சம் தேசிப்புளி தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காய விட்டால் பெரும்பாலும் எழும்பிவிடும்.

ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் உள்ளே இருக்கும் றப்பர் பாயின் கறுப்புப் பொட்டுத் தேய்ந்திருக்கிறது, அல்லது எறும்பு குடியிருக்கிறது. சீனி ஒட்டிய கையோடு றிமோட் பிடிக்கிற வீடுகளில் எறும்பு நிச்சயம்.

எங்கள் றிமோட் எந்த வகை என்று எப்படி அறிவது?

கடைக்கு வருமுன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். எல்இடி முனையைக் கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு, ரிவிக்கு முதுகைக் காட்டி நின்று, சத்தப் பொத்தானை அமர்த்துங்கள். வேலை செய்யாவிட்டால் அது வெளிச்ச றிமோட், நாங்கள் ஐஆர் என்று சொல்வது. வேலை செய்தால் புளூரூத் போன்ற அலை வகை. வாயால் பேசித் தேடுகிற மைக் பொத்தான் இருந்தால் அநேகமாக புளூரூத்தான்.

புளூரூத் றிமோட் என்றால் உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்தது. திறந்த வெளியில் 10 மீற்றர் அளவு எட்டும். ஒரு கல்லுச் சுவர் இடையில் இருந்தாலும் பக்கத்து அறையில் இருந்து வேலை செய்யும். இரண்டு சுவர் என்றால் சந்தேகம். ஒரே ரிவியில் ஒரு பொத்தான் ஐஆரிலும் மற்றவை புளூரூத்திலும் போகிற கூத்தும் உண்டு. குசினியில் இருந்து சத்தம் கூடுகிறது, ஆனால் ரிவியைப் போட முடியவில்லை என்று முறைப்பாடு வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

எங்கள் குசினி வீட்டோடு ஒட்டியதில்லை, தகரக் கொட்டில். அதற்கு என்ன வழி?

இது வன்னிக்கே உரிய கேள்வி. மீள்குடியேறி வந்த பிறகு கட்டிய வீட்டுத்திட்ட வீடுகள் பல ஏறத்தாழ 550 சதுர அடி. அடுப்புப் புகை வேண்டாம் என்று பழைய தற்காலிக வீட்டின் தகரங்களைக் கழற்றிப் பின்னால் குசினி போட்டிருப்பார்கள். அலை சீமெந்துக் கல்லுக்குள்ளால் கொஞ்சம் களைத்தாவது வெளியே வரும். தகரத்தில் பட்டால் திரும்பிப் போய்விடும். அதனால் புளூரூத்தோ வைஃபையோ கல்வீட்டுக்குள் பக்கத்து அறையில் வேலை செய்து, 4 மீற்றர் தள்ளியிருக்கும் தகரக் குசினியில் செத்துப்போகும். ஆட்கள் பெட்டியைக் குறை சொல்வார்கள். குறை தகரத்தில்.

தகரக் குசினிக்கு நான் சொல்வது வயர்தான். இல்லையென்றால் வாசல் பக்கம் நின்று அமர்த்துங்கள்.

ஒரு சதமும் செலவழிக்காமல் ஏதாவது செய்யலாமா?

ஸ்மார்ட் ரிவியாக இருந்தால் செய்யலாம். ரிவியும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். அன்ரொயிட் ரிவி, கூகுள் ரிவி என்றால் போனில் கூகுள் ஹோம் செயலிக்குள் றிமோட் வரும். மற்றக் கம்பனிகளுக்கு அவரவர் செயலி. முதல் தடவை ரிவித் திரையில் ஒரு எண் காட்டும், அதைப் போனில் அடித்தால் சரி.

இதில் பலர் பயப்படுவது, “டேற்றா போகுமா?” என்று. செயலியை இறக்கும்போதும் முதலில் கணக்கைத் திறக்கும்போதும் போகும். அதன் பிறகு, சத்தத்தைக் கூட்டுகிற கட்டளை போனில் இருந்து றவுட்டருக்கும் றவுட்டரில் இருந்து ரிவிக்கும் போவதால் டேற்றாக் கணக்கில் கழிகிற அளவுக்கு எதுவும் இல்லை.

றவுட்டர் இல்லாமல் ஒருவருடைய போன் ஹொட்ஸ்பொட்டில்தான் ரிவி ஓடுகிறது என்றால், அந்தப் போன் வீட்டை விட்டுச் சந்தைக்குப் போகும்போது றிமோட்டும் கூடவே போய்விடும். அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுக்கும் சத்தம் கேட்டதும் தங்கச்சி நாடகத்தின் நடுவில் அலறுகிற வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

சில போன்களின் தலையில் ஐஆர் எல்இடியும் இருக்கிறது, ஷவோமி போன்கள் பலவற்றில் காணலாம். அது றிமோட் தொலைந்த நாளுக்கு நல்லது. ஆனால் அதுவும் வெளிச்சம்தானே, சுவரைத் தாண்டாது.

டிஷ் பெட்டி ஹோலில் இருக்கிறது. அம்மம்மாவின் அறையில் இரண்டாவது ரிவி. அங்கிருந்து சனல் மாற்ற வேண்டும். எப்படி?

என் வேலையில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. படம் அறைக்குப் போக வேண்டும். பொத்தானின் வெளிச்சம் அறையில் இருந்து ஹோலுக்கு வர வேண்டும். ஆட்கள் முதலாவதை மட்டும் நினைத்து வயர் இழுத்துவிட்டு, இரவு அம்மம்மா “சனலை மாத்து மோனை” என்று கூப்பிடும்போதுதான் இரண்டாவதை நினைக்கிறார்கள். வயர் இழுக்கும் அன்றே இரண்டையும் சேர்த்து இழுங்கள்.

படத்துக்கு: எச்டிஎம்ஐ பிரிப்பான் ஒன்றைப் பெட்டிக்குப் பின்னால் வைத்து இரண்டு ரிவிக்கும் கொடுக்கலாம். சாதாரண எச்டிஎம்ஐ வயர் 10 மீற்றருக்கு மேலே போனால் படம் வெட்டத் தொடங்கும். அதற்கு மேல் தூரமென்றால், கணினி வலையமைப்புக்குப் போடுகிற கற்-6 வயரில் எச்டிஎம்ஐயை அனுப்பும் சோடிப் பெட்டிகள் விற்கிறார்கள். அவற்றில் சில ஐஆரையும் அதே வயரில் திருப்பிக் கொண்டுவரும். வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கினால் ஒரே வயரில் இரண்டு வேலையும் முடியும். காசு குறைவாக வேண்டுமென்றால், பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால் அந்தப் பழைய வழி 15 மீற்றருக்குத் தாராளம். படம் கொஞ்சம் மங்கல். 21 அங்குலப் பழைய ரிவியில் அதை யாரும் கவனிப்பதில்லை.

ஒரு பெட்டி என்றால் இரண்டு ரிவியிலும் ஒரே சனல்தான் ஓடும். அம்மம்மா நாடகத்துக்கு மாற்றினால் ஹோலில் அப்பாவின் செய்தியும் போய்விடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் பூட்டிக் கொடுத்து ஒரு முறை இரண்டு பக்கத்தாலும் ஏச்சு வாங்கியிருக்கிறேன். தனித்தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது பெட்டியும் இணைப்பும் எடுக்கத்தான் வேண்டும்.

றிமோட்டுக்கு: ‘ஐஆர் எக்ஸ்ரென்டர்’ என்று கேளுங்கள். உள்ளே மூன்று சாமான் இருக்கும். அறையில் வைக்கிற கண் ஒன்று, நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, மெல்லிய வயரின் நுனியில் பொட்டு மாதிரி ஒட்டுகிற எல்இடி. அறையில் றிமோட்டை அமர்த்தினால் கண் அதைப் பிடித்து வயரில் அனுப்பும். பொட்டு அதை டிஷ் பெட்டிக்கு முன்னால் மீண்டும் மினுக்கும்.

பொட்டை எங்கே ஒட்டுவது என்பதில்தான் பெரும்பாலும் பிழை விடுகிறார்கள். டிஷ் பெட்டியின் முன் பக்கத்தைப் போனின் ரோச்சால் சரிவாக அடித்துப் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்ரிக்குக்குப் பின்னால் பயறு அளவில் ஒரு மேடு தெரியும். அதுதான் கண். பொட்டைச் சரியாக அதன் மேல் ஒட்ட வேண்டும். ஒட்டுமுன் செலோரேப்பால் ஒரு நாள் தற்காலிகமாகப் பிடித்து வையுங்கள், ஏனென்றால் பசையை ஒருமுறை உரித்தால் மறுபடி பிடிக்காது. புழுதிக் காலத்தில் துடைக்காமல் ஒட்டினால் ஒரு கிழமையில் கழன்று விழும்.

கண்ணின் வயர் பற்றாதென்றால் நீட்டலாம். அதில் ஓடுவது 5 வோல்ற் அளவுதான். கற்-5 வயரின் மூன்று நரம்பை எடுத்து 25 மீற்றர் வரை இழுத்திருக்கிறேன், பிழைத்ததில்லை. மூன்று நரம்பின் ஒழுங்கும் மாறக்கூடாது. மாறினால் கண் சூடேறிச் செத்துவிடும். 230 வோல்ற் வயரோடு ஒரே குழாய்க்குள் விட வேண்டாம். கூரைக்கு அடியால் விட்டால் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். எலிக்கு இந்த மெல்லிய வயர் மிகவும் பிடித்த சாப்பாடு.

நடுப் பெட்டிக்கு மின்சாரம் யூஎஸ்பியில் கொடுக்க வேண்டும். ரிவியின் யூஎஸ்பித் துளையில் குத்தினால் அழகாக இருக்கும், வேலையும் செய்யும், ரிவியை நிற்பாட்டும் வரை. நிற்பாட்டியதும் பல ரிவிகளில் அந்தத் துளையும் செத்துவிடும், பிறகு அறையில் இருந்து பெட்டியைப் போட முடியாது. போன் சார்ஜரில் தனியாகக் கொடுங்கள்.

மகன் தானே செய்கிறேன் என்கிறான். முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். உயர்தர வகுப்பில் தொழில்நுட்பம் படிக்கிற பெடியன் ஒருவன் 1838 என்ற மூன்று கால் கண்ணை வாங்கி, அதன் வெளியீட்டை ஒரு திரான்சிஸ்ரரூடாக எல்இடிக்குக் கொடுத்து, “அண்ணை, மினுக்குது, ஆனா பெட்டி கேக்குதில்லை” என்று கொண்டுவந்தான். அவன் விட்ட பிழை எல்லாரும் விடுகிற பிழை. அந்தக் கண் 38 கிலோஹேர்ட்ஸ் மினுக்கத்தை, அதாவது செக்கனுக்கு 38,000 தடவை மின்னுவதை, சல்லடை போட்டு எடுத்துவிட்டு, வெறும் செய்தியை மட்டும்தான் வெளியே விடும். பெட்டியின் கண்ணோ மினுக்கம் இல்லாத வெளிச்சத்தை வெயில் என்று நினைத்து ஒதுக்கிவிடும். அதனால் 555 என்ற, துடிப்பு உண்டாக்கும் ஐசி ஒன்றை வைத்து 38 கிலோஹேர்ட்ஸை மறுபடி உண்டாக்கி, கண் சொல்லும் நேரத்தில் மட்டும் அதைத் திறந்துவிட வேண்டும். இன்னொன்று, கண்ணின் வெளியீடு தலைகீழ்: வெளிச்சம் வந்தால் கீழே விழும், இல்லாவிட்டால் மேலே நிற்கும். அதையும் ஒரு திரான்சிஸ்ரரால் திருப்பிக் கொடுத்தான். இரண்டாம் நாள் பின்னேரம் வேலை செய்தது. கடையில் வாங்கியிருந்தால் இவ்வளவும் விளங்கியிருக்காது.

வயர் இழுக்காமல் அலையில் அனுப்புகிற சோடி இருக்கிறதாமே?

இருக்கிறது. ஒன்று வெளிச்சத்தைப் பிடித்து 433 மெகாஹேர்ட்ஸ் அலையாக்கும், மற்றது அலையைப் பிடித்து வெளிச்சமாக்கும். இந்த அலை வைஃபையைவிட நீளம் கூடியது, கல்லுச் சுவர்கள் இரண்டு மூன்றைச் சமாளிக்கும். தகரத்துக்கு மேலே சொன்ன கதைதான்.

எனக்கு இதில் பெரிய விருப்பம் இல்லை. இரண்டு பக்கமும் சார்ஜர் வேண்டும், பக்கத்து வீட்டிலும் இதே சோடி இருந்தால் ஒன்றுக்கொன்று குறுக்கே வரும். வாடகை வீட்டில் சுவரில் துளை போட முடியாதவர்களுக்குச் சரி.

பின்னேரம் மட்டும் றிமோட் மக்கர் பண்ணுகிறது. ஏன்?

மேற்கு வாசல் வீடா? பின்னேர வெயில் நேரே ரிவியின் முகத்தில் விழுகிறது. வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது, கண் கூசிப்போகும். திரைச்சீலை போடுங்கள். இரவில் மட்டும் பிரச்சினை என்றால் பக்கத்தில் இருக்கும் சுருள் குழாய் (சிஎஃப்எல்) பல்பை ஓய்த்துப் பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்கிற அந்தப் பழைய பல்புகள் சில ஐஆர் கண்ணைக் குழப்பும். எக்ஸ்ரென்டரின் பொட்டு யாரும் அமர்த்தாமலே மினுக்கிக்கொண்டிருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம், அல்லது அறைக் கண்ணும் பொட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பக்கத்து வீட்டு றிமோட் எங்கள் ரிவியை ஏன் மாற்றுவதில்லை?

ஒரே கம்பனி ரிவி என்றால், யன்னல் திறந்திருந்தால், மாற்றும். வேறு கம்பனி என்றால் மாற்றாது, ஏனென்றால் ஒவ்வொரு அமர்த்தலிலும் சாதனத்தின் எண்ணும் பொத்தானின் எண்ணும் சேர்ந்து போகின்றன. பரவலாக உள்ள ஒரு முறையில், முதலில் 9 மில்லிசெக்கன் நீள மினுக்கம் ஒன்று, ‘கவனி’ என்று சொல்வதற்கு. பிறகு 32 துண்டுச் செய்தி. சாதன எண், அதையே தலைகீழாக, பொத்தான் எண், அதையே தலைகீழாக. இரண்டும் பொருந்தாவிட்டால் ரிவி அதைத் தூக்கிப் போட்டுவிடும். ஒரே வீட்டில் ஒரே கம்பனி ரிவி இரண்டு வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். யாரும் கேட்பதில்லை.

நான் கனடாவில் இருக்கிறேன். முல்லைத்தீவில் அம்மாவின் ரிவியை இங்கிருந்து போட்டுக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். வைஃபை ஐஆர் பெட்டி என்று உள்ளங்கையில் அடங்கும் ஒன்று வருகிறது. புரோட்லிங்க், ருயா வகைகள் பரவலானவை. அதை ரிவிக்கு எதிரே வைத்து, வீட்டு றிமோட்டின் ஒவ்வொரு பொத்தானையும் அதற்குக் காட்டிப் பழக்கினால், செயலியில் இருந்து எங்கிருந்தும் அமர்த்தலாம். இவை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். றவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸ் பெயரை மட்டும் காட்டினால் பூட்டுகிறவர் அரை நாள் மண்டையை உடைப்பார்.

ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். றிமோட்டில் போடுவதற்கும் ஓய்ப்பதற்கும் ஒரே பொத்தான். அந்தச் சின்னப் பெட்டிக்கு ரிவி ஓடுகிறதா ஓய்ந்திருக்கிறதா என்று தெரியாது. ரொறொன்ரோவில் இருந்து ஒரு மகன், அம்மா ரிவியை ஓய்க்காமல் நித்திரையாகியிருப்பார் என்று நினைத்து ஒரு கோடையில் பின்னேரம் 4 மணிக்கு வேலையால் வந்து அமர்த்தினார். இங்கே நள்ளிரவு கடந்து 1.30. அம்மா ஒழுங்காக ஓய்த்துவிட்டுத்தான் படுத்திருந்தார். இருட்டுக்குள் ரிவி தானாக எழும்பிப் பாட்டுப் பாடியது. அடுத்த நாள் காலை கோயிலில் நூல் கட்டிவிட்டுத்தான் என் கடைக்கு வந்தார்.

ரிவியே ஸ்மார்ட் என்றால் அதன் செயலி ஓடுகிறதா இல்லையா என்பதைத் திரையில் காட்டும், அந்த வழி மேல். வெறும் ஐஆர் பெட்டிதான் என்றால், அமர்த்துமுன் அம்மாவுக்கு ஒரு கோல் எடுங்கள். செலவு அதேதான், அம்மாவுக்கும் சந்தோசம்.

கரண்ட் போய் வந்தால் றவுட்டர் எழும்ப இரண்டு மூன்று நிமிடம், பிறகு ஐஆர் பெட்டி அதைத் தேடிச் சேர இன்னும் கொஞ்ச நேரம். அதற்குள் “வேலை செய்யுதில்லை” என்று எனக்குக் கோல் எடுக்க வேண்டாம்.

மேசையில் நாலு றிமோட் கிடக்கிறது. ஒன்றாக்க முடியாதா?

முதலில் காசில்லாத வழி: எச்டிஎம்ஐ வயருக்குள்ளேயே கட்டளை போவதற்கென்று ஒரு கம்பி இருக்கிறது, 13ஆவது கால். பொதுப் பெயர் சிஇசி. சாம்சுங்கில் அனிநெற் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சொனியில் பிராவியா சிங்க் என்று அவரவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ரிவியின் அமைப்புக்குள் தேடிப் போட்டுவிட்டால், ரிவியை ஓய்க்க சவுண்ட்பாரும் ஓயும். ரிவி றிமோட்டாலேயே சவுண்ட்பார் சத்தம் கூடும். நடுவில் மலிவான பிரிப்பான் இருந்தால் இந்தக் கம்பி பெரும்பாலும் அதற்குள் அறுந்துபோயிருக்கும்.

சிஇசி இல்லாத பழைய சாமானுக்கு, பழக்குகிற றிமோட் ஒன்று வாங்கி நாலையும் அதற்குள் ஏற்றலாம். பழைய றிமோட்டுகளை எறியாதீர்கள், பற்றறியைக் கழற்றிவிட்டு அலுமாரிக்குள் போடுங்கள். புதியது விழுந்து உடைந்தால் பழக்குவதற்கு அந்தப் பழையது வேண்டும்.

விறாந்தையிலும் குசினியிலும் பாட்டுக் கேட்க வேண்டும். ஸ்பீக்கரை இழுத்துக்கொண்டே போகலாமா?

போகலாம், எண்ணிக்கையைக் கவனியுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டினால் அம்பிளிபயருக்குத் தெரிவது 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் 3க்கும் கீழே. அம்பிளிபயரின் முதுகில் 4 என்று எழுதியிருந்தால் அதற்குக் கீழே போனதும் சூடேறி ஒரு நாள் மணக்கும். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற கூம்பு லவுட்ஸ்பீக்கர்கள் பலவற்றுக்குள் 100 வோல்ற் முறை திரான்ஸ்போமர் இருக்கிறது, அதை வீட்டு அம்பிளிபயருக்குப் பூட்டினால் சத்தம் குறைவாகத்தான் வரும், பழுதென்று நினைக்க வேண்டாம்.

சத்தத்தைக் குசினியில் இருந்து கூட்டிக் குறைக்க, மேலே சொன்ன அதே கண்ணும் பொட்டும் போதும். அம்பிளிபயருக்கு ஒரு பொட்டு, டிஷ் பெட்டிக்கு ஒரு பொட்டு என்று ஒரே எக்ஸ்ரென்டரில் நாலு வரை போடக்கூடியவை இருக்கின்றன. பாட்டுக்கு மட்டும் என்றால் புளூரூத் ஸ்பீக்கர் ஒன்றைக் குசினிக்கு வாங்குங்கள், போனைப் பக்கத்தில் வையுங்கள், கதை முடிந்தது.

றிமோட்டில் ஓய்த்தால் ஓய்ந்ததுதானே?

இல்லை. கண் விழித்திருந்தால்தான் மறுபடி போட முடியும், அதற்கு மின்சாரம் வேண்டும். புதிய ரிவிகள் தூக்கத்தில் அரை வாற் அளவுதான் குடிக்கும், அதை விடுங்கள். டிஷ் பெட்டிதான் கள்ளன். ஓய்த்த பிறகும் மேலே கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். 10 வாற் என்று வைத்தால் மாதத்துக்கு 7.2 அலகு, ஒன்றும் பார்க்காமலே.

காசைவிட முக்கியம் இடி. சித்திரையிலும், பிறகு ஐப்பசி தொடங்கிக் கார்த்திகை வரையும், பின்னேரம் இரணைமடுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் வயரையும் கழற்றுங்கள். றவுட்டருக்கு வெளியில் இருந்து செம்பு வயர் வந்தால் அதையும். நான் இதை எல்லாருக்கும் சொல்கிறவன். ஒரு ஐப்பசியில் என் வீட்டில் பிளக்கையும் டிஷ்ஷையும் கழற்றிவிட்டு, வீட்டில் இருந்து பின் கொட்டிலுக்கு இழுத்திருந்த 25 மீற்றர் கண் வயரை மறந்துவிட்டேன். பக்கத்துத் தென்னையில் இறங்கியது. ரிவிக்கு ஒன்றுமில்லை, நடுப் பெட்டியும், பொட்டு ஒட்டியிருந்த டிஷ் பெட்டியின் முகமும், சார்ஜரும் கருகிப்போயின. அன்று தொடக்கம் வெளியால் போகும் கண் வயருக்குக் கழற்றக்கூடிய ஜக் ஒன்றை வீட்டுப் பக்கமே வைத்துத்தான் பூட்டுகிறேன்.

இதெல்லாம் என்ன விலை?

2022க்குப் பிறகு விலை எழுதி வைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். வரிசை மட்டும் சொல்கிறேன்: வயர்க் கண் மலிவு, அலைச் சோடி அதைவிடக் கூட, எச்டிஎம்ஐயைக் கற்-6இல் அனுப்புகிற சோடி எல்லாவற்றிலும் கூட.

வயதானவர்களுக்கு எந்த றிமோட் நல்லது?

மின்சாரம் இல்லாத காலத்தில் வன்னியில் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் போட்டார்கள், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். அந்த நாளில் றிமோட் என்றால் வீட்டின் கடைசிப் பிள்ளை. “எழும்பிச் சத்தத்தைக் கூட்டு” என்றால் எழும்பிப் போய்க் கூட்டும். இன்றைக்கு அம்மம்மாமாருக்கு 45 பொத்தானுள்ள ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். அவருடைய பழைய றிமோட்டையே எடுத்து, போடுகிற பொத்தான், சத்தம் இரண்டு, சனல் இரண்டு தவிர மற்ற எல்லாவற்றையும் கறுப்பு இன்சுலேசன் ரேப்பால் மூடுங்கள். அதற்கு முன் றிமோட்டைத் திறந்து, மூடப்போகும் பொத்தான்களின் கீழே தட்டில் மெல்லிய பிளாஸ்ரிக் துண்டு ஒன்றை வைத்தால், ரேப்புக்கு மேலால் அமர்ந்தாலும் ஒன்றும் நடக்காது. போடுகிற பொத்தானில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு. சத்தம் கூட்டும் பொத்தானில் தீக்குச்சித் துண்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டுங்கள், இருட்டில் விரலுக்குத் தெரியும். பிறகு பின்பக்கத்தில் ஒரு நூல் கட்டி, மறு நுனியைக் கட்டில் காலில் கட்டிவிடுங்கள். நூல் ஒன்றரை முழம் இருக்கட்டும். அதைவிட நீளமானால் தலையணைக்கு அடியில் போய்விடும், குறைந்தால் அவரே அறுத்துவிடுவார்.